சொன்னால்தான் எழுத முடியும்
செரிமான நோயாளிகளுக்கான செவிலியர் பராமரிப்புத் திட்டமும் குடும்பத்தினரின் பங்கும்

செரிமானப் பிரிவு வார்டுக்கு வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சிஸ்டர், எப்போது பார்த்தாலும் எழுதிக்கொண்டே இருக்கிறீர்களே, அப்படி என்னதான் எழுதுகிறீர்கள்?” என்பதே அது. கேட்பவரின் குரலில் சில வேளை வியப்பு இருக்கும். சில வேளை, நோயாளியைப் பார்க்காமல் தாளையே பார்க்கிறார்களே என்னும் வருத்தமும் இருக்கும். அந்த வருத்தம் நியாயமானதே. ஆகவே இந்த இதழில் அந்தத் தாளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

நாங்கள் எழுதுவதில் பெரும்பகுதி ‘செவிலியர் பராமரிப்புத் திட்டம்’ எனப்படுவது. அதன் முக்கியமான வரிகளை எந்தக் கருவியும் எங்களுக்குத் தருவதில்லை. அவை நோயாளியும், அவரோடு இருப்பவரும் வாய் திறந்து சொல்வதிலிருந்தே கிடைக்கின்றன. வயிறு, குடல், கல்லீரல் சார்ந்த நோய்களில் இது இன்னும் உண்மை. உள்ளே சென்றது என்ன, வெளியே வந்தது என்ன என்பதை அறியாமல் இந்த நோய்களில் ஓர் அடியும் எடுத்துவைக்க இயலாது.

மருத்துவர் எழுதுவதும் செவிலியர் எழுதுவதும்

மருத்துவரின் குறிப்பு நோய்க்குப் பெயர் இடுகிறது. மருந்தையும் சிகிச்சையையும் வகுக்கிறது. செவிலியரின் திட்டமோ, அந்த நோய் இந்த ஒரு மனிதரை என்ன செய்கிறது என்று கேட்கிறது. இரைப்பைப் புண்ணுக்காக இருவர் அடுத்தடுத்த படுக்கைகளில் இருக்கலாம். ஒருவர் விடுதியில் தங்கி, காலை உணவைத் தவறவிட்டு, இரவு நெடுநேரம் வேலை பார்க்கும் இளைஞர். மற்றவர் மூட்டுவலிக்காகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவந்த, கண் பார்வை மங்கிய பாட்டி. இருவருக்கும் மருத்துவர் எழுதும் மாத்திரை ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் பாட்டிக்கான எங்கள் திட்டத்தில், எந்த மாத்திரையை இனித் தொடக் கூடாது என்பதை அவருக்கு எப்படி அடையாளம் காட்டுவது என்பதும் இடம்பெற வேண்டும்.

கூர்ந்து நோக்கிக் குறித்துவைக்கும் பழக்கம் செவிலியத்தில் புதிதன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ஆம் ஆண்டில் செவிலியம் பற்றி எழுதிய நூலில், உணவு உட்கொள்வது பற்றியும் என்ன உணவு என்பது பற்றியும் தனித்தனி அத்தியாயங்கள் அமைத்தார். நோயாளியை நோக்குவதற்கென்றும் ஓர் அத்தியாயம் வைத்தார். ‘நன்றாகத் தூங்கினாரா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எத்தனை மணி நேரம், எப்போது தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. 1961இல் ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்னும் அமெரிக்கச் செவிலியர், நோயாளியின் நடத்தைக்கு இதுதான் காரணம் என்று செவிலியர் தாமே முடிவு கட்டிவிடாமல், நோயாளியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எழுதினார். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கூடிய மாநாடு, செவிலியர் கண்டறியும் சிக்கல்களுக்குப் பொதுவான பெயர்களை வகுக்கத் தொடங்கியது. இன்று நாங்கள் எழுதும் திட்டத்தின் வடிவம் இவ்வாறு படிப்படியாக உருவானதே.

ஐந்து படிகள், ஒரு நோயாளி

திட்டம் ஐந்து படிகளைக் கொண்டது: விவரம் அறிதல், சிக்கலை இனங்காணல், இலக்கு வகுத்தல், செயற்படுத்தல், மதிப்பிடல். இவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். இதில் வரும் பெரியவர் தனி ஒருவர் அல்லர். வார்டில் நாங்கள் பலரிடம் காண்பவற்றைச் சேர்த்து அமைத்த உருவம்.

அறுபத்திரண்டு வயது, அறுபது கிலோ எடை. மூன்று நாள்களாக வயிற்றுப்போக்கு; நேற்றிலிருந்து வாந்தியும் சேர்ந்துவிட்டது. ‘நாலைந்து தடவை போகிறது’ என்று மகன் சொல்கிறார். பெரியவரிடம் தனியே கேட்டால் பத்துத் தடவைக்கு மேல் என்கிறார். நாக்கு வறண்டிருக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. காலையிலிருந்து ஒரே முறைதான் சிறுநீர் கழித்திருக்கிறார். அதுவும் அடர் மஞ்சளாக. இது முதல் படி.

இரண்டாம் படியில், சிக்கல், அதன் காரணம், அதைக் காட்டும் அறிகுறி ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுகிறோம். ‘உடலில் நீர் குறைந்துள்ளது; காரணம் தொடர்ந்த வயிற்றுப்போக்கும் வாந்தியும்; வறண்ட நாக்கு, தலைசுற்றல், குறைந்த சிறுநீர் ஆகியவற்றால் அறியப்பட்டது.’ அதற்கு அடுத்த வரிகளில் வேறு சிக்கல்களும் இடம்பெறும்: தலைசுற்றலால் கீழே விழும் ஆபத்து, அடிக்கடி கழுவுவதாலும் ஈரத்தாலும் ஆசனவாயைச் சுற்றித் தோல் புண்ணாகும் ஆபத்து, உடனிருப்பவருக்குத் தொற்றும் ஆபத்து.

மூன்றாம் படி இலக்கு. ‘நோயாளி நலமடைய வேண்டும்’ என்று எழுதினால் அது வாழ்த்தாகுமே தவிர இலக்காகாது. ‘நாளைக் காலை எட்டு மணிக்குள், மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழிய வேண்டும், நாக்கு ஈரமாக இருக்க வேண்டும், தலைசுற்றல் இன்றி எழுந்து நிற்க வேண்டும்’ என்று எழுதுகிறோம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மில்லிலிட்டர் சிறுநீராவது கழிய வேண்டும் என்பது பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மில்லிலிட்டர் ஆகிறது. அளக்கக்கூடிய இலக்கு இருந்தால்தான் இரவுப் பணிக்கு வரும் செவிலியரும், நிலைமை முன்னேறுகிறதா பின்னடைகிறதா என்று அறிய முடியும்.

நான்காம் படியில் செய்ய வேண்டியவை வரிசையாக எழுதப்படும். மருத்துவர் குறித்த வேகத்தில் சலைன் ஏற்றுதல். வாந்தி நின்றதும் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தல். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறித்த நேரங்களில் பார்த்தல். படுக்கையிலிருந்து எழும்போது முதலில் சற்று உட்கார்ந்து, பிறகு துணையோடு நிற்கச் செய்தல். ஒவ்வொரு முறையும் வெறும் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலைக் காக்கும் களிம்பு தடவுதல். எல்லாரும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுதல். கைகளில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசர் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளை முழுமையாக அழிப்பதில்லை. ஆகவேதான் இந்த வார்டில் சோப்பை வலியுறுத்துகிறோம்.

ஐந்தாம் படி மதிப்பிடல். மறுநாள் காலை பார்க்கும்போது, எல்லாம் எழுதியபடி நடந்தும் பெரியவரின் சிறுநீர் போதிய அளவை எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். குவளையில் கொடுத்த கரைசல் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. செவிலியர் அருகில் அமர்ந்து, “ஐயா, குடிக்கப் பிடிக்கவில்லையா? குமட்டுகிறதா?” என்று கேட்கிறார். பெரியவர் சற்றுத் தயங்கிச் சொல்கிறார்: “குமட்டல் இல்லை அம்மா. குடித்தால் மறுபடி மறுபடி எழ வேண்டியிருக்கிறது. மருமகள்தான் கூட இருக்கிறாள். எத்தனை தடவை அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகச் சொல்வேன்?”

எந்தப் பரிசோதனையிலும் வராத விடை இது. நீர் குறைந்ததற்கு இப்போதைய காரணம் குடலில் மட்டும் இல்லை, கூச்சத்திலும் இருக்கிறது. திட்டம் அப்போதே திருத்தப்படும். கழிப்பறைக்கு அருகிலுள்ள படுக்கை, ஆண் பணியாளரின் துணை, எட்டும் தூரத்தில் அழைப்பு மணி, இரவில் மகன் உடனிருக்க ஏற்பாடு ஆகியவை எழுதப்படும். சலைனின் அளவைக் கூட்டுவதற்கு முன் இவ்வளவு எளிய செயல்கள் பயன் தரக்கூடும். ஆனால் அவர் சொன்னால்தான் நாங்கள் எழுத முடியும்.

கூச்சம் வேண்டாத கேள்விகள்

மலத்தைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் நாகரிகமன்று. குழந்தைகளைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறோம். வயது வந்தவரைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வார்டில் இந்தத் தயக்கம் ஆபத்தாக முடியலாம். நாங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

நிறத்தைக் கேட்கிறோம். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு மலம் கழிந்தால் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஆகியவற்றுள் எங்கேனும் இரத்தம் கசிவதாக இருக்கலாம். உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. இரும்புச்சத்து மாத்திரை உண்பவருக்கும் மலம் கறுத்துப் போகும். ஆகவே என்ன மாத்திரை உண்கிறார் என்பதையும் உடன் கேட்கிறோம். களிமண் போல வெளுத்திருந்தால் பித்தநீர் குடலுக்கு வரும் வழியில் தடை இருக்கக்கூடும். எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கொழுப்பு சரியாகச் செரிக்கவில்லை என்று பொருள்படலாம். கணையத்தின் நோய் அதற்கு ஒரு காரணம்.

வடிவத்தைக் கேட்கிறோம். ‘சரியாகப் போகவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது மலச்சிக்கலையும் குறிக்கலாம், வயிற்றுப்போக்கையும் குறிக்கலாம். இந்தக் குழப்பத்தைப் போக்க இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாக்கப்பட்டு 1997இல் வெளியான படஅட்டவணை ஒன்று உதவுகிறது. உருண்டை உருண்டையாகக் கெட்டிப்பட்டது முதல் முழுதும் நீரானது வரை ஏழு வகைகள் அதில் உள்ளன. படத்தைக் காட்டினால் நோயாளி வாய் திறந்து விவரிக்க வேண்டியதில்லை. விரலால் சுட்டினால் போதும்.

பழக்கத்தைக் கேட்கிறோம். வாழ்நாள் முழுதும் குந்தி அமர்ந்து பழகிய ஒருவருக்குப் படுக்கையில் பெட் பான் வைத்து, திரையும் சரியாக மூடாமல் இருந்தால், குடல் எவ்வளவு நலமாக இருந்தாலும் மலம் கழியாது. வலி மருந்துகளுள் சில மலச்சிக்கலை உண்டாக்குவன. காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே அசையும் நேரத்தில், உட்கார ஏற்ற இருக்கையும், காலுக்கு ஒரு சிறு பலகையும், மறைவும் கிடைத்தால் பலருக்கு மருந்து குறைவாகவே தேவைப்படுகிறது. இவை யாவும் திட்டத்தில் எழுதப்படும்.

மது, நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறோம். குற்றம் காண்பதற்காகக் கேட்பதில்லை. மது அருந்தி வந்தவர் திடீரென்று நிறுத்தும்போது இரண்டு மூன்று நாள்களில் நடுக்கமும் மனக்குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். முன்பே தெரிந்திருந்தால் அதற்கும் திட்டமிடலாம்.

நீரின் கணக்கு

படுக்கையருகே தொங்கும் தாளில் இரண்டு பத்திகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் உள்ளே சென்ற நீர். மற்றொன்றில் வெளியே வந்த நீர். சலைனும் சிறுநீரும் எங்கள் கண்ணெதிரே அளக்கப்படுகின்றன. நீங்கள் கொடுக்கும் இளநீர், மோர், கஞ்சி, ரசம், காபி ஆகியவை நீங்கள் சொன்னால்தான் கணக்கில் சேரும். வாந்தியைக் கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிட்டுப் பிறகு சொன்னால் அளவு தெரியாமல் போய்விடும். உங்கள் டம்ளர் எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்பதை முதல் நாளே எங்களிடம் அளந்து வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும்.

குடும்பத்தாரின் கை எவ்வளவு வல்லது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. சலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலநபிஸும் அவருடைய குழுவினரும் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து பொட்டலமிட்டு, நீரில் கரைத்துக் கொடுத்தார்கள். அதைக் குவளை குவளையாக நோயாளிகளின் வாயில் புகட்டியவர்களுள் உறவினர்கள் பலர். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மகாலநபிஸுக்கு அவர் மறைவுக்குப் பின் 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுவதுமாகக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்ணளவாகக் கலப்பது தவறு. கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோயுள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

‘வாய்வழி எதுவும் வேண்டாம்’

நம் பண்பாட்டில் அன்பு பெரும்பாலும் தட்டிலும் டம்ளரிலும்தான் வெளிப்படுகிறது. ‘ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கட்டுமே’ என்று ஒரு தாய் கெஞ்சும்போது மறுப்பது எங்களுக்கும் எளிதன்று. ஆயினும் சில வேளைகளில் படுக்கையின் மேல் ‘வாய்வழி எதுவும் வேண்டாம்’ என்னும் அட்டையை மாட்டுகிறோம். குடலில் அடைப்பு இருந்தால், உண்டது கீழே இறங்க வழியின்றி வயிறு உப்பும், வாந்தி பெருகும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உணவு இருந்தால், அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரலைப் பாதிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். திட உணவுக்கு ஆறு மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. பால் கலந்த காபி தண்ணீராகக் கருதப்படுவதில்லை; அதற்கும் ஆறு மணி நேரம் வேண்டும். உங்கள் நோயாளிக்கு மருத்துவர் குறிக்கும் நேரமே இறுதியானது.

அன்பு மிகுதியால் யாரேனும் இரண்டு வாய் கொடுத்துவிட்டால், தயவுசெய்து மறைக்காதீர்கள். சொன்னால் அறுவைச் சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. யாரும் கடிந்துகொள்ளப் போவதில்லை.

இந்த வேளையிலும் உங்கள் கைக்கு வேலை உண்டு. ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கலாம். செவிலியரின் அனுமதியோடு வாய் கொப்பளிக்கச் செய்யலாம். பல் துலக்கிவிடலாம். நாக்கு வறட்சியைத் தணிப்பது எங்கள் திட்டத்தில் தனி வரியாகவே எழுதப்படும் பணி. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ‘காற்றுப் பிரிந்ததா?’ என்று நாங்கள் கேட்பதைக் கேட்டுச் சிலர் சிரிப்பதுண்டு. குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அது நல்ல அறிகுறி. கூச்சமின்றிச் சொல்லுங்கள், அடுத்த வேளை உணவைப் பற்றிய முடிவு அதையும் பொறுத்தது.

மூக்குவழிக் குழாயில் உணவு பெறுவோருக்கு, தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். உணவு கொடுத்த உடனே படுக்கவைக்கக் கூடாது. குழாய் சற்று வெளியே வந்திருப்பதாகத் தோன்றினால் நீங்களாக உள்ளே தள்ளாமல் எங்களை அழையுங்கள்.

வீட்டார் முதலில் காணும் மாற்றம்

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயில் குடும்பத்தாரின் கண் மிகவும் கூர்மையான கருவி. கல்லீரலால் அகற்ற முடியாத கழிவுப் பொருள்கள் மூளையைப் பாதிக்கும்போது, தொடக்கத்தில் மாற்றம் மிகச் சிறியதாக இருக்கும். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பார். தெரிந்தவரின் பெயர் தடுமாறும். வழக்கத்துக்கு மாறாக எரிந்துவிழுவார். கையெழுத்து கோணும். நேற்றுத்தான் பணிக்கு வந்த செவிலியருக்கு இது அவருடைய இயல்பாகவே தோன்றலாம். முப்பது ஆண்டு உடன் வாழ்ந்த மனைவிதான் ‘இவர் இப்படிப் பேசுகிறவர் இல்லையே’ என்று சொல்ல முடியும்.

இவர்களுக்கு மலச்சிக்கல் ஆகாது. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை மிருதுவாக மலம் கழியும் அளவுக்கு லாக்டுலோஸ் போன்ற மருந்தைச் சரிசெய்வதே பொதுவான இலக்கு. அந்த எண்ணிக்கையை வீட்டில் குறித்து வைப்பவர் நீங்கள்தாம். ஒரு முறைகூடப் போகவில்லையென்றாலும், பலமுறை நீராகப் போனாலும் தெரிவிக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருப்பவரை நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரே எடைக்கருவியில் நிறுத்து எழுதிவாருங்கள். உப்பைக் குறைப்பது, இரவு உறங்கப் போகுமுன் சிறிதளவு உண்பது ஆகியவற்றில் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சொல்வதைப் பின்பற்றுங்கள். பருப்பு, பால், முட்டை ஆகியவற்றைப் பயந்து தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். உடல் தளர்ந்தால் நோயும் முற்றும்.

வீட்டுக்குச் செல்லும் திட்டம்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பராமரிப்புத் திட்டம் முடிவதில்லை. எங்கள் கையிலிருந்து உங்கள் கைக்கு மாறுகிறது. ஆகவே அன்று நாங்கள் விளக்குவதைக் கேட்ட பின், அதை உங்கள் சொற்களில் எங்களுக்குத் திருப்பிச் சொல்லும்படி கேட்போம். அது தேர்வு அன்று. எங்கள் விளக்கம் தெளிவாக இருந்ததா என்று அறியும் வழி.

அடுத்த முறை வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டில் கீழ்க்காண்பவற்றை எழுதி எடுத்துவாருங்கள்.

• நாளுக்கு எத்தனை முறை மலம் கழிந்தது, நிறம் என்ன, கெட்டியா, மிருதுவா, நீரா.
• வாந்தி எப்போது வந்தது, எவ்வளவு, எதை உண்டபின்.
• பருகிய நீர் ஏறத்தாழ எத்தனை டம்ளர். சிறுநீர் எத்தனை முறை.
• எடை, வலி வந்த நேரம், இடம்.
• உண்ணும் மாத்திரைகள் அனைத்தும், கடையில் வாங்கியவையும் நாட்டு மருந்துகளும் உட்பட. அட்டைகளையே எடுத்துவந்தாலும் நன்று.

பின்வருவன தோன்றினால் குறிப்பெழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்த வாந்தி அல்லது காபித்தூள் போன்ற வாந்தி, தார் போன்ற கறுத்த மலம் அல்லது மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலியோடு வயிறு கெட்டிப்படுதல், வயிறு உப்பி, மலமும் காற்றும் பிரியாமல் வாந்தி எடுத்தல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மயக்கம், மனக்குழப்பம், வயிற்றுவலியோடு காய்ச்சல், கண் மஞ்சளாதல்.

இனி எங்கள் கையில் பேனாவைப் பார்க்கும்போது, அருகில் வந்து சொல்லுங்கள்: இன்று என்ன உண்டார், எத்தனை முறை எழுந்தார், எதைச் சொல்லத் தயங்குகிறார் என்று. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் நோயாளியின் திட்டம்.